எண்ணெய் தேய்த்துக்கொண்டு அருவி பார்க்கப் போன கதை

கும்பக்கரை அருவியின் கேட் முன்னால் காரை நிறுத்தியபோது காலை ஏழு மணிகூட ஆகவில்லை. பின் சீட்டில் சித்தப்பா தலை நிறைய நல்லெண்ணெயோடு உட்கார்ந்திருந்தார். வீட்டிலேயே தேய்த்துக்கொண்டு கிளம்பிவிட்டார். அருவிக்கரையில் நாலு பேர் பார்க்க நின்று தேய்ப்பதற்கு இந்த வயதில் வெட்கமாக இருக்கிறதாம். சீட்டில் எண்ணெய் ஒட்டக் கூடாதென்று சித்தி அவர் முதுகுக்குப் பின்னால் செய்தித்தாளை விரித்துவிட்டிருந்தார். மடியில் ஒரு பழைய துண்டு. சட்டைப் பையில் பொட்டலமாக மடித்த சீயக்காய்த் தூள்.

கேட் பூட்டியிருந்தது. ராத்திரி மலையில் நல்ல மழை. டிசம்பர் முதல் வாரத்தில் இது நடக்கக்கூடியதுதான், நாங்கள்தான் யோசிக்காமல் வந்துவிட்டோம்.

"தண்ணி கூடிருச்சுய்யா. இன்னைக்குக் குளிக்க விடமாட்டாங்க" என்றார் டீக்கடைக்காரர். சித்தப்பா தலையை ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சிரிப்பை அடக்கிக்கொண்டார்.

சித்தப்பா கொஞ்ச நேரம் கேட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். "சத்தத்தக் கேளு பாப்பா. உள்ள கல்லு உருளுது." எனக்கு நாற்பத்திரண்டு வயதாகிறது. அவருக்கு இன்னும் பாப்பாதான்.

பெரியகுளத்தில் பிறந்தவர்களுக்குக் கும்பக்கரை ஓர் ஊர்ப்பெயர் இல்லை, ஒரு வேலை. "கும்பக்கரைக்குப் போறோம்" என்றால் குளிக்கப் போகிறோம் என்று பொருள், வேறு எதற்கும் யாரும் அங்கே போனதாக எனக்கு ஞாபகம் இல்லை. ஊரிலிருந்து 9 கிலோமீட்டர். சின்ன வயதில் சைக்கிளில் இரண்டு பேர் மிதிக்க ஒருத்தி உட்கார்ந்து போயிருக்கிறோம். பாறைக்குள் தண்ணீர் குடைந்த ஆழமான பள்ளங்களுக்குக் கசம் என்று பெயர். யானைக் கசம், பாம்புக் கசம், அண்டாக் கசம் என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனிப் பெயர். எதில் இறங்கலாம், எது ஆளை விழுங்கும் என்பது நீச்சல் கற்கும் முன்பே எங்களுக்குப் பாடமாகிவிடும்.

அதனால் அருவி என்றாலே எங்கள் வீட்டில் முதல் கேள்வி ஒன்றுதான்: குளிக்கலாமா? குளிக்க முடியாத அருவி எங்கள் ஆட்களைப் பொறுத்தவரை பூட்டிய கடை.

அன்றைக்கு என் மகன்தான் கதையை மாற்றினான். ஒன்பது வயது. சென்னையிலேயே வளர்ந்தவன், தண்ணீர் லாரியில் வரும் என்று ரொம்ப நாள் நினைத்திருந்தவன். "தாத்தா, இவ்ளோ தண்ணி எங்கேர்ந்து வருது?"

"மேல இருந்துடா. கொடைக்கானல்ல வட்டக்கானல்னு ஒரு இடம். அங்குட்டு இருந்து பாம்பாறு இறங்கி வருது. அதான் இது."

"அப்போ அங்க போய்ப் பாக்கலாமா?"

நான் கண்ணாடியில் சித்தப்பாவைப் பார்த்தேன். அவர் தலையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். கையெல்லாம் எண்ணெய். வீட்டுக்குப் போய் வெந்நீரில் குளிப்பதா, எண்ணெய்த் தலையோடு குளிர் மலையில் ஏறுவதா? துண்டை எடுத்து முண்டாசாகக் கட்டினார். "போவோம். உங்க சித்திக்கு மட்டும் போன் பண்ணிராத."

கும்பக்கரையிலிருந்து அடுக்கம் வழியாகவே மேலே போக ஒரு சாலை உண்டு. கிட்டத்துப் பாதை. ஆனால் ராத்திரி பெய்த மழைக்கு அந்தப் பக்கம் கல் சரிந்து கிடக்கும் என்று டீக்கடையில் எல்லோரும் ஒரே குரலில் சொன்னார்கள். திரும்பி, தேவதானப்பட்டி தாண்டி, காட்ரோடு பிடித்துத்தான் ஏறினோம். இப்படிச் சுற்றினால் 60 கிலோமீட்டருக்கு மேல். 2024 மே மாதத்திலிருந்து கொடைக்கானலுக்கு வண்டியில் போக இ-பாஸ் வேண்டும், நீதிமன்ற உத்தரவு. காரை ஓரம் கட்டிப் போனிலேயே எடுத்தேன். "நம்ம மலைக்கு நாமளே பாஸ் எடுக்கணுமாக்கும்" என்றார் சித்தப்பா. அதற்கு என்னிடம் பதில் இல்லை. ஆனால் மே மாதத்தில் அந்த ஏரியைச் சுற்றி நிற்கும் கார்களைப் பார்த்தால் நீதிபதி மேல் கோபம் வராது.

டம்டம் பாறையில் வண்டியை நிறுத்தினோம். கொடைக்கானல் பஸ்ஸில் போன ஒவ்வொருவருக்கும் இந்த இடம் தெரியும். பள்ளத்தாக்குக்கு அந்தப் பக்கம், எதிர் மலையில், ஒரே கோடாகத் தொங்கும் தலையாறு அருவி. எலிவால் அருவி என்பதுதான் ஊர் வாயில் இருக்கும் பெயர். 297 மீட்டர், கிட்டத்தட்ட 975 அடி. தமிழ்நாட்டிலேயே உயரமான அருவி இதுதான். ஆனால் சின்ன வயதில் இந்த வளைவில் பஸ் திரும்பும்போது எங்கள் வீட்டில் யாரும் வாய் பிளந்ததில்லை. அப்பத்தா ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு, "அங்க போய்க் குளிக்க வழி இருக்கா?" என்றார். இல்லை என்றதும் மறுபடி கண்ணை மூடிக்கொண்டார்.

சித்தப்பா இந்த முறை இறங்கி, கம்பியைப் பிடித்துக்கொண்டு, வெகுநேரம் பார்த்தார். ரசிக்கிறார் என்று நினைத்துப் பக்கத்தில் போய் நின்றேன்.

"அரை அடி கூடும்" என்றார்.

"என்னது சித்தப்பா?"

"மஞ்சளாறு அணை. இந்தத் தண்ணி அங்குட்டுத்தானே போகுது. வாலு இம்புட்டு தடியாத் தெரிஞ்சா நாளைக்குள்ள அரை அடி கூடிரும்." மஞ்சளாறு அணையின் மொத்த உயரமே 57 அடி. அவர் முப்பது வருடம் மாங்காய் மண்டியில் கணக்குப்பிள்ளையாக இருந்தவர். எதைப் பார்த்தாலும் எடை போட்டுவிடுவார்.

பிறகுதான் சொன்னார். அவருடைய பாட்டி, அதாவது என் கொள்ளுப்பாட்டி, ஐப்பசி கார்த்திகையில் காலையில் எழுந்ததும் வாசல் தெளிப்பதற்கு முன்னால் மேற்கே மலையைப் பார்ப்பாராம். ராத்திரி மேலே பெய்திருந்தால், பச்சை மலையில் அங்கங்கே வெள்ளைக் கோடு விழுந்திருக்கும். ஒரு கோடு, இரண்டு கோடு, மூன்று கோடு என்று எண்ணி, நாற்று விடலாமா, பொறுக்கலாமா என்று தாத்தாவுக்குச் சொல்வாராம். "மலையில கோடு விழுந்துருச்சு" என்பது எங்கள் வீட்டுப் பேச்சு. நானும் சின்ன வயதில் கேட்டிருக்கிறேன். அந்தக் கோடு என்றால் அருவி என்று, சத்தியமாக, அன்றைக்கு வரை எனக்குத் தோன்றியதில்லை.

எங்கள் ஆட்களுக்கு அருவியைப் பார்க்கத் தெரியாது என்று இத்தனை வருடம் நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரு கட்டுரையில் எழுதியும் தொலைத்திருக்கிறேன். குளிப்பதுதான் நமக்கு அருவி, நின்று பார்ப்பது வெள்ளைக்காரன் பழக்கம், நீர்வீழ்ச்சி என்ற சொல்லே இங்கிலீஷைப் பெயர்த்து வந்ததுதானே என்றெல்லாம். அந்தக் கடைசி விஷயத்தில் இப்போதும் என் கட்சி மாறவில்லை. அருவி என்று மூன்றெழுத்தில் ஒரு சொல் இருக்கும்போது நீர்வீழ்ச்சி என்று போர்டு எழுதுவது எனக்குப் பிடிக்காது. பழைய பாட்டுகளில் அருவி ஆடினார்கள் என்று வருகிறது, ஆடுவது என்றால் குளிப்பது. ஆனால் அதே பாட்டுகளில் எட்ட நின்று பார்த்த அருவியும் எவ்வளவோ வருகிறது. நான்தான் வசதியாக மறந்துவிட்டேன்.

வெள்ளி அருவியில் நிற்கவில்லை. 180 அடி, ஏரியின் மிச்சத் தண்ணீர்தான் அங்கே விழுகிறது, ரோட்டோரம் பஸ் பஸ்ஸாக நின்றிருந்தது. சித்தப்பா ஏரித்தண்ணீரைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னார். அதை இங்கே எழுத வேண்டாம்.

வட்டக்கானல் கொடைக்கானல் டவுனிலிருந்து ஆறேழு கிலோமீட்டர். பாம்பார்புரம் வழியாகச் சாலை குறுகி, வளைந்து, இறங்கும். முன்பு இஸ்ரேல் பையன்கள் நிறைய வந்து மாதக்கணக்கில் தங்கியதால் குட்டி இஸ்ரேல் என்று பெயர். இப்போது பெங்களூர்ப் பையன்கள், கோயம்புத்தூர்ப் பையன்கள். போகும் வழியிலேயே பாம்பாறு கொஞ்சம் எட்டிப் பார்க்கிறது, பாறை மேல் சின்ன அருவியாக. ஒரு பழைய சோப்பு விளம்பரத்தின் பேரைச் சொல்லி லிரில் அருவி என்பார்கள். ராத்திரி மழையில் தண்ணீர் நுரைத்துப் போய்க்கொண்டிருந்தது. என் மகன் கேட்ட "எங்கேர்ந்து வருது" என்பதற்கு ஒரு பதில் கண்முன்னால் இருந்தது. கும்பக்கரையில் கல்லை உருட்டிய அதே தண்ணீர், இங்கே ஒரு தாவு தாவினால் தாண்டிவிடலாம் போல இருந்தது.

"இது கீழ வந்து சேர எம்புட்டு நேரம் ஆகும் தாத்தா?"

"நாம ரோட்டுல போறதுக்குள்ள போயிரும்."

சித்தப்பா குனிந்து தண்ணீரைத் தொடப் போனார். பிறகு கையை இழுத்துக்கொண்டார். ஏன் என்று எனக்குத் தெரியும். இந்த ஓடைக்கு மேலே, பாம்பார்ச் சோலையின் தலைமாட்டில், ஒரு தெர்மாமீட்டர் தொழிற்சாலை இருந்தது. பாதரசம் கலந்த உடைசல் கண்ணாடியை வெளியே தள்ளியது அம்பலமாகி 2001-ல் மூடினார்கள். அந்தச் செய்தி வந்த சமயத்தில் பெரியகுளம் முழுக்க இதே பேச்சு. ஒரு வருடம் போலச் சித்தப்பா கும்பக்கரைப் பக்கமே போகவில்லை. அப்புறம் போனார். எல்லோரும் போனார்கள். கண்ணுக்குத் தெரியாத ஒன்றுக்கு எத்தனை நாள் பயப்பட முடியும் என்று அன்றைக்கு அவர் கேட்டதும் ஞாபகம் இருக்கிறது. இப்போது கையை இழுத்துக்கொண்டதையும் பார்த்தேன்.

வண்டியை விட்டுவிட்டு நடக்க ஆரம்பிக்கும்போது மணி பதினொன்று. டால்பின் நோஸ் என்று அம்புக்குறி. கடலே பார்க்காத ஒரு மலைக்குக் கடல் பிராணியின் பெயர். குன்னூரிலும் ஒரு டால்பின் நோஸ் இருக்கிறது, விசாகப்பட்டினத்திலும் இருக்கிறது. பேர் வைத்தவர்களுக்கு ஒரு பாறை முன்னால் நீட்டிக்கொண்டிருந்தால் வேறு எதுவும் ஞாபகத்துக்கு வராது போல.

தூரம் சுமார் ஒன்றரை கிலோமீட்டர். வேகமாக நடப்பவர்களுக்கு அரை மணி நேரம். சித்தப்பாவின் முழங்கால், என் மகனின் கேள்விகள், என் மூச்சு மூன்றையும் சேர்த்தால் ஒன்றரை மணி நேரம். பாதை சுலபம்தான் என்பதில் சந்தேகமில்லை. ஆனால் இது இறங்கிப் போகிற பாதை. மலை ஏறுவதென்றால் முதலில் கஷ்டம், பிறகு சுகம். இங்கே தலைகீழ். போகும்போது எல்லோரும் பாட்டுப் பாடிக்கொண்டு இறங்குகிறார்கள், வரும்போது ஒருத்தர் வாயிலும் பேச்சில்லை. முழங்கால் வலி உள்ளவர்களுக்கு இறக்கம்தான் எதிரி. ஒரு குச்சி எடுத்துக்கொள்ளுங்கள். வழியில் கிடக்கும் குச்சி ஈரத்தில் ஊறிப்போய் இரண்டாவது ஊன்றலிலேயே ஒடிந்துவிடும், நாங்கள் அப்படி மூன்று ஒடித்தோம்.

முதலில் வீடுகளுக்கு நடுவே சந்து. அப்புறம் மண் பாதை. மரத்தின் வேர்களே படிக்கட்டு. வேருக்கும் வேருக்கும் நடுவில் மண் அரித்துப்போய், நடந்து நடந்து வேரின் மேல்பட்டை பளபளவென்று தேய்ந்திருந்தது. பழைய வீட்டு வாசற்படி மாதிரி. மழைக்கு அது சோப்புக்கட்டி. சித்தப்பா பத்தடி போனதும் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டார்.

"வழுக்குதா சித்தப்பா?"

"வழுக்குது. அதுபோக இது வெள்ளகவி பாதை பாப்பா. செருப்பு எதுக்கு."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. டால்பின் நோஸ் என்று அம்புக்குறி போட்ட இந்தப் பாதை அந்தப் பாறையோடு முடிவதில்லை. இன்னும் கீழே இறங்கி வெள்ளகவி போகிறது, அங்கிருந்து இன்னும் இறங்கி எங்கள் கும்பக்கரை. வெள்ளகவிக்கு இன்றைக்கும் கார் போகாது. ஊர் எல்லைக்குள் யாரும் செருப்புப் போட மாட்டார்கள், கோயில்கள் நிறைந்த ஊர் என்பதால் ஊரே கோயில் கணக்கு. வெளியூர்க்காரர்களும் எல்லையில் கழற்றிக் கையில் எடுத்துக்கொள்ள வேண்டும். 1845-ல் அமெரிக்கப் பாதிரிமார்கள் கொடைக்கானலில் வீடு கட்டியபோதும், 1916-ல் மோட்டார் சாலை திறக்கும்வரைக்கும், கீழிருந்து மேலே போக இந்தப் பக்கத்து நடைபாதைகள்தான். பெரியகுளத்துக்குப் பக்கத்தில் கிருஷ்ணம்மா நாயக்கன் தோப்பு வரை மாட்டு வண்டி. அங்கிருந்து துரைகளும் துரைசானிகளும் நாற்காலியிலும் டோலியிலும் உட்கார, நம் ஆட்கள் தோளில் தூக்கிக்கொண்டு ஏறினார்கள்.

சித்தப்பா பதினான்கு வயதில் தன் அப்பாவோடு கும்பக்கரையிலிருந்து இதில் ஏறியிருக்கிறார். மேலே ஒரு தோட்டக்காரருக்குக் கமலா ஆரஞ்சுக்கு முன்பணம் கொடுத்திருந்தார்களாம், பழமும் வரவில்லை, பணமும் வரவில்லை. விடிகாலையில் கிளம்பி, வெள்ளகவியில் யார் வீட்டிலோ கஞ்சி குடித்து, வெயில் சாய்வதற்குள் மேலே. "பணம் கெடச்சுச்சா?" என்று கேட்டேன். "பாதி. மீதிக்கு ஒரு ஆட்டுக்குட்டியக் குடுத்தாரு. அதையும் தூக்கிக்கிட்டு இறங்குனோம்." இந்தக் கதையை நாற்பது வருடமாக எனக்கு அவர் சொன்னதே இல்லை. எண்ணெய் தேய்த்தால் பேச்சு வரும் போலிருக்கிறது.

பாதி வழியில் மணிச்சத்தம் கேட்டது. கீழிருந்து நான்கு குதிரைகள், முதுகில் இருபுறமும் சாக்கு மூட்டை. "மேட்டுப் பக்கம் ஏறி நில்லுங்க" என்று சித்தப்பா எங்களைச் சரிவின் உள்பக்கம் தள்ளினார். இதைக் கண்டிப்பாகத் தெரிந்துகொள்ளுங்கள். பொதிக் குதிரை வரும்போது பள்ளத்துப் பக்கம் ஒதுங்கினால், குதிரை பாவம் உங்களைப் பார்க்காது, மூட்டை இடித்துத் தள்ளிவிடும். எங்களுக்கு முன்னால் போன பையன்கள் நடுப்பாதையில் நின்று போன் நீட்டினார்கள். குதிரைக்காரர் ஒன்றும் சொல்லவில்லை, நின்றார். குதிரைகளும் நின்றன. படம் எடுத்து முடிக்கும்வரை மூட்டையோடு, அந்த ஏற்றத்தில். முதல் குதிரை என் முகத்துக்கு ஒரு முழ தூரத்தில் நின்றது. ஈர முடியிலிருந்து ஆவி எழும்பியது. சாக்கின் மூலையில் ஒரு ஓட்டை, அதைச் சோளத்தட்டையால் அடைத்திருந்தார்கள். உள்ளேயிருந்து காய்ந்த காபிக்கொட்டை வாசனை, வறுக்காத காபிக்கு வரும் அந்தப் புல் வாசனை. குளம்பு வேரில் வழுக்காமல் இருக்க, ஒவ்வொரு அடியையும் முதலில் லேசாக வைத்துப் பார்த்துவிட்டுத்தான் எடையைக் கொடுத்தது. சித்தப்பாவும் அப்படித்தான் நடந்துகொண்டிருந்தார்.

பாதையில் இரண்டு விதமான காடு மாறி மாறி வருகிறது. பைன் மரமும் தைல மரமும் நட்ட இடங்களில் அடியில் ஒன்றுமே முளைப்பதில்லை, காய்ந்த ஊசி இலை மெத்தை, வெளிச்சம், படம் எடுக்க வசதி. எல்லோரும் அங்கேதான் நிற்கிறார்கள். அதைத் தாண்டிச் சோலைக்குள் நுழைந்தால் சட்டென்று இருட்டு. மரங்கள் குட்டை, முறுக்கி வளைந்தவை, கிளையெல்லாம் பாசி. மழை நின்று ஐந்தாறு மணி நேரம் ஆகியிருந்தது. உள்ளே இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது. என் மகன் ஒரு பாசிக் கொத்தைப் பிழிந்தான். ஒரு கை நிறையத் தண்ணீர், கண்ணாடி மாதிரி.

"பார்த்தியா" என்றார் சித்தப்பா. "காலைல கும்பக்கரைல என்ன கலர்ல போச்சு?"

"பிரவுன்."

"செந்தண்ணி. அது ரோட்டுத் தண்ணி, தோட்டத்துத் தண்ணி, கட்டடம் கட்டுற இடத்துத் தண்ணி. பேஞ்ச உடனே ஓடியாந்துரும். இந்தத் தண்ணி அப்பிடி இல்ல. இது தைக்கு வரும், மாசிக்கு வரும்."

சோலைக்காடு பஞ்சு மாதிரி தண்ணீரைப் பிடித்து வைத்து மெதுவாக விடும் என்று நானும் எத்தனையோ இடத்தில் படித்திருக்கிறேன். மாசி மாதம் வரை என்று யாரும் தேதி போட்டுச் சொன்னதில்லை.

காட்டுமாட்டுச் சாணம் ஒரு இடத்தில் சூடாகவே கிடந்தது. ஆளைக் காணவில்லை, நல்லதாகப் போயிற்று. அடுத்து அட்டை. என் மகன் ஷூவுக்கும் பேன்ட்டுக்கும் நடுவில், கணுக்காலில், கறுப்பு நூல் மாதிரி ஒன்று. பார்த்துக்கொண்டிருக்கும்போதே நூல் கயிறானது. அவன் போட்ட கூச்சலுக்குக் காட்டுமாடு இருந்திருந்தால் வந்திருக்கும். கையில் உப்பு இல்லை. புகையிலை இல்லை, சித்தப்பா விட்டு ஆறு வருடம் ஆகிறது. அவர் நிதானமாக முண்டாசுக்குள் இரண்டு விரலை விட்டு, வழித்து, அட்டையின் மேலும் சுற்றியும் நல்லெண்ணெயைத் தடவினார். அது சுருண்டு, நெளிந்து, பிடி நழுவி விழுந்தது. எண்ணெய்க்கு விழுந்ததா, வயிறு நிரம்பி விழுந்ததா என்று எனக்குச் சந்தேகம்தான். அவருக்குச் சந்தேகமே இல்லை. "எண்ணெ தேச்சுக்கிட்டு வந்தது வீண் போகல" என்றார். அடுத்து எங்கள் மூன்று பேர் காலுக்கும் அவர் தலையிலிருந்துதான் சப்ளை.

வழியில் சின்னச் சின்னக் கடைகள். லெமன் டீ, மேகி, பிரெட் ஆம்லெட், மிளகாய்ப்பொடி தூவிய மாங்காய். சித்தப்பா ஒரு மாங்காயைக் கையில் எடுத்து, காம்பைப் பார்த்து, முகர்ந்து, வைத்துவிட்டார். "இது நம்ம காய் இல்ல. டிசம்பர்ல நம்ம பக்கம் ஏது காயி?" கடைக்கார அம்மா முறைத்தார். நாங்கள் டீ குடித்துச் சமாதானம் செய்தோம்.

டால்பின் நோஸ் பாறை நீட்டிக்கொண்டிருக்கும் இடத்தில் படம் எடுக்க வரிசை. அதன் நுனிக்குப் போய்க் காலைத் தொங்கவிட்டு உட்கார்வது ஒரு வழக்கமாகிவிட்டது. மழைக்கு நனைந்த பாறையில் அதைச் செய்பவர்களைப் பார்த்தால் வயிற்றைக் கலக்குகிறது. நாங்கள் நாலடி பின்னால், ஒரு மேட்டில் உட்கார்ந்தோம். சித்தப்பா என் மகனின் சட்டைக் காலரைக் கடைசி வரைக்கும் விடவில்லை.

மேகம் பாதிப் பள்ளத்தை மூடியிருந்தது. எதிர்ச் சரிவில், இடப்பக்கம், ஒரு வெள்ளை இழை. மேலே மரத்துக்குள்ளிருந்து வந்து, பாறையில் விழுந்து, கீழே மேகத்துக்குள் போய்விடுகிறது. தலையும் தெரியவில்லை, காலும் தெரியவில்லை. நடுவில் கொஞ்சம் மட்டும். அவ்வளவு தூரத்திலிருந்து பார்த்தால் தண்ணீர் விழுவதாகவே தோன்றவில்லை, நின்றுகொண்டிருந்தது. சத்தமும் இல்லை. கண்ணை ஒரே இடத்தில் வைத்துக்கொண்டு இருந்தால் மட்டும், வெள்ளைக்குள் ஒரு முடிச்சு மெல்லக் கீழே இறங்குவது தெரிந்தது. என் மகன் அந்த முடிச்சுகளை எண்ண ஆரம்பித்தான்.

"அதுக்கு என்ன பேரு தாத்தா?"

"பேரெல்லாம் கிடையாது. மழைக்கு வரும், வெயிலுக்குப் போயிரும். வீட்டு வாசல்ல நின்னா தெரியுற கோட்டுல இது ஒண்ணா இருக்கும்."

சொல்லிவிட்டு அவர் அருவியை விட்டுவிட்டார். கண்ணுக்கு மேல் கையை வைத்துக் கீழே எதையோ தேடினார். மேகம் விலகும்போது சமவெளி துண்டு துண்டாகத் தெரிந்தது. தென்னந்தோப்பு, மாந்தோப்பு, வெயில் பட்டு மின்னும் ஒரு தகடு. "அந்தா, அந்தா! கண்மாய். அதுக்கு இங்குட்டுத்தான் நம்ம தெரு." எனக்கு ஒன்றும் தெரியவில்லை. எந்தக் கண்மாய் என்றும் தெரியவில்லை. அவர் விரல் போகும் திசையில் தலையாட்டினேன். எங்களைச் சுற்றி இருந்த அத்தனை பேரும் மலையைப் பார்க்க வந்திருந்தார்கள். சித்தப்பா மட்டும் மலையேறி வந்து சொந்த வீட்டைத் தேடிக்கொண்டிருந்தார்.

அந்த நேரம் பார்த்து அவர் போன் அடித்தது. சித்தி. பாறையில் சிக்னல் நான்கு கட்டமும் நிறைந்திருந்தது, தப்பிக்க வழியில்லை.

"எங்க இருக்கீக? குளிக்கப் போனவுகள மத்தியானம் வரைக்கும் காணோம்?"

சித்தப்பா என்னைப் பார்த்தார். நான் மேகத்தைப் பார்த்தேன். "வட்டக்கானல்ல" என்றார் மெதுவாக.

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் பேச்சில்லை. "எண்ணெத் தலையோடயா?"

"ம்."

"சரி. மாடியில துணி காயப்போட்டிருக்கேன். மேலதானே இருக்கீக, மழ வருதான்னு பாத்துச் சொல்லுங்க."

சித்தப்பா நிஜமாகவே எழுந்து நின்று, தெற்கே பார்த்து, கிழக்கே பார்த்து, "இப்ப இல்ல. நாலு மணிக்கு மேல எடுத்துரு" என்றார்.

திரும்பி ஏறியதைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. மூச்சு வாங்கியது. லெமன் டீக்கடையில் இரண்டாவது முறையும், மாங்காய்க் கடையில் முதல் முறையும் உட்கார்ந்தோம். அந்த அம்மா இந்தத் தடவை சித்தப்பாவின் முண்டாசில் ஊறி இறங்கிய எண்ணெயைப் பார்த்துவிட்டு, "தலைக்கு எண்ணெ வெச்சுக்கிட்டு ஏன்யா இந்தக் குளிருக்குள்ள வந்தீங்க, சளி பிடிச்சிராதா" என்று சுக்குக் காபி போட்டுக் கொடுத்தார். காசு வாங்கிக்கொண்டார், ஆனால் மாங்காய்க்குச் சேர்த்து.

வீட்டுக்கு வரும்போது ராத்திரி எட்டு. சித்தப்பா சொன்னபடி சித்தி நாலு மணிக்குத் துணியை எடுத்துவிட்டாராம், நாலரைக்கு மழை. அதனால் திட்டு பாதியாகக் குறைந்தது. கொல்லையில் வெந்நீர் அண்டா காய்ந்துகொண்டிருந்தது. சித்தப்பா சட்டைப் பையிலிருந்து அந்தச் சீயக்காய்ப் பொட்டலத்தை எடுத்தார். காலையிலிருந்து கும்பக்கரை, டம்டம் பாறை, வட்டக்கானல் எல்லாம் சுற்றி, நாலு பக்கமும் எண்ணெய் ஊறி, அப்படியே திரும்பி வந்திருந்தது.

என் மகன் அண்டாவில் கைவைத்துப் பார்த்தான். "இந்தத் தண்ணி எங்கேர்ந்து வருது தாத்தா?"

"சோத்துப்பாறை அணைல இருந்து."

"அது எங்கேர்ந்து வருது?"

சித்தப்பா முதல் சொம்பைத் தலையில் ஊற்றிக்கொண்டு, கண்ணை மூடியபடியே, மேற்கே கையைக் காட்டினார்.